ஹண்டரின் சத்தம்

அப்பாவுக்கு,

போனில் கத்தினாலும் உங்களுக்குக் கேட்காது. அதனால் எழுதுகிறேன்.

நீங்கள் பன்னிரண்டு வருடம் பழுதுபார்த்த ஹண்டர் ரகப் போர் விமானம் ஒன்றை இங்கே லண்டனில் ஓர் அருங்காட்சியகத்தில் பார்த்தேன். பின்னோக்கிச் சரிந்த இறக்கைக்குப் புதுப் பெயிண்ட். பறந்த நாடுகள், ஓட்டியவர்கள் எல்லாம் பலகையில் உண்டு, மெக்கானிக்குகள் இல்லை. பொத்தானை அழுத்தினால் இஞ்சின் அலறுகிறது.

“இந்தச் சத்தத்துக்கே தனி ரசிகர்கள்,” என்றார் வழிகாட்டி.

“எங்கப்பாவுக்குக் காது போனதும் இதாலதான்,” என்றேன்.

ஒரு காதைத் திறந்து வைத்தால்தான் கோளாறு தெரியும் என்று உங்கள் அதிகாரி சொன்னதை நம்பினீர்கள். அவர் இரண்டையும் மூடிக்கொண்டார்.

அதையும் பலகையில் போடும்படி வழிகாட்டியிடம் சொன்னேன். நீங்களே எழுதித் தந்தால் வைப்பார்களாம்.

எழுதுங்கள் அப்பா. “சின்ன விஷயம், விடும்மா” என்று எனக்குச் சொல்வதை அவர்களுக்கும் எழுதிவிடாதீர்கள்.

கோபம் ஆறாத,
உங்கள் மகள்