நெடுந்தீவுச் செடி தனி இனந்தான், மச்சாள்

என் அன்பான ஸ்டெல்லா மச்சாள்,

வென்றுவிட்டீர். முதலில் அதைச் சொல்லிப்போட்டுத்தான் மிச்சக் கதை. நெடுந்தீவில் நீர் கண்ட செடி தனி இனந்தான். ஆராய்ச்சிச் சஞ்சிகையில் அச்சாகி வந்துவிட்டது. கல்லறையடியில் நின்று மெதுவாகச் சொல்லிவிட்டு வரக்கூடிய செய்தி இல்லை இது. அதனால்தான் எல்லாரும் வாசிக்கட்டும் என்று பத்திரிகைக்கு எழுதுகிறேன்.

உம்மைத் தெரியாதவர்களும் இதை வாசிப்பார்கள். அவர்களுக்காகச் சொல்கிறேன், கோவிக்காதையும். நீர் ஊர்காவற்றுறையில் கடலுக்குப் போகிற மரியநாயகத்தின் கடைசி மகள். பல்கலைக்கழகத்தில் தாவரவியல் படிப்பித்தவர். உம்மட அண்ணன் அன்ரனைக் கட்டினபடியால் நான் உமக்கு மச்சாள். வேலணையில் ஒரு பள்ளிக்கூடத்தில் உயிரியல் ரீச்சர். நாங்கள் இரண்டு பேரும் சந்தித்தால் சீலையைப் பற்றியும் பேசமாட்டோம், சம்பலைப் பற்றியும் பேசமாட்டோம். வேர்னோனியாதான்.

சூரியகாந்திக் குடும்பத்தில் வேர்னோனியா ஒரு பெரிய சாதி. எங்கட பாடத்தில் குடும்பத்துக்குக் கீழே வருகிற பிரிவைச் சாதி என்றுதான் படிப்பிக்கிறோம், அதற்குள்ளே இனங்கள். ஊதாப் பூப் பூக்கிற பற்றை, ஒரு பூ என்று நாங்கள் நினைப்பது உண்மையில் குட்டிப் பூக்களின் கொத்து, விதையின் தலையில் வெள்ளைக் குஞ்சம். இவ்வளவும் இருந்தால் அந்தக் காலத்து ஆட்கள் யோசிக்காமல் வேர்னோனியாவுக்குள் போட்டுவிட்டார்கள். அப்படி உலகம் முழுக்க ஆயிரத்துக்குக் கிட்ட இனங்கள் சேர்ந்துபோயின. பிறகு வந்தவர்கள் ஒவ்வொன்றாய்ப் பிரித்து வேறு சாதிகளுக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எங்கட வளவில் பாத்திக்கரையில் முளைக்கிற சீதேவியார் செங்கழுநீரையும் அப்படித்தான் அனுப்பினார்கள். இன்னும் பிரித்து முடியவில்லை.

நீர் இதை எனக்கு விளங்கப்படுத்திக்கொண்டிருந்த அன்று மாமி குசினியிலிருந்து கேட்டது நினைவிருக்கிறதா?

"சாதி பிரிக்கிறதுக்கும் கம்பஸில சம்பளம் தருவினமோ, பிள்ளை?"

"இந்தச் சாதியைப் பிரிச்சால் ஒருத்தருக்கும் நோகாது, அம்மா" என்றீர். மாமி அகப்பையும் கையுமாக வந்து நின்று சிரித்தா.

நெடுந்தீவில் ஒரு முருகைக்கல் மதிலோரம் அந்தப் பற்றையை நீர் கண்டீர். அந்த ஓரிடம் தவிர வேறெங்கும் காணவில்லை. புத்தகத்தின்படி அது பெருநிலத்தில் நிற்கிற சாதாரண இனம். உமக்கு ஒத்துவரவில்லை. இலை தடிப்பு, அடிப்பக்கம் வெள்ளைச் சடை. அதைவிட முக்கியமாக, பூக்கொத்தைத் தாங்குகிற பச்சைச் செதில்கள் நுனி மழுங்கி வெளிப்பக்கம் வளைந்திருந்தன. பெருநிலச் செடியில் அதே செதில்கள் கூராக, கொத்தோடு ஒட்டிக்கிடக்கும். வருணனை எழுதி, படம் கீறி, இந்தத் துறையில் பெரிய பேராசிரியர் ஒருவருக்கு அனுப்பினீர். அவர் ஒரு பந்தியில் பதில் போட்டார்: உப்புக் காற்றில் நிற்கிற செடி அப்படித்தான் இருக்கும், இது புது இனம் இல்லை.

நீர் அழவில்லை. மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரே சரவணைக்கு எங்கட வீட்டுக்கு வந்தீர்.

"மச்சாள், உம்மட வளவில எனக்கு ஒரு துண்டு நிலம் தாரும். ரெண்டையும் பக்கத்தில பக்கத்தில விதைப்பம். ஒரே மண், ஒரே தண்ணி, ஒரே காத்து. காத்துச் செய்த வேலை எண்டால் ரெண்டும் ஒரே மாதிரி வரும். இல்லாட்டி வராது."

முதல்தரம் விதைத்தது முளைக்கவில்லை. விதைகளில் பெரும்பாலானவை சப்பட்டை, உள்ளுக்குள் ஒன்றுமில்லை. இரண்டாந்தரம் முளைத்ததை ஆடு தின்றது. மூன்றாந்தரம் அன்ரன் பழைய வலையால் சுற்றிவர அடைத்துத் தந்தார். நாற்றுகள் முழங்கால் உயரம் வரும்போதுதான் உமக்கு வருத்தம் என்று தெரியவந்தது. ஆசுபத்திரிக் கட்டிலில் கிடந்துகொண்டும் நீர் என்னிடம் கேட்டது செடியைப் பற்றித்தான். நான் உம்மைச் சந்தோசப்படுத்த நினைத்து, "வித்தியாசம் தெரியுது போல" என்றேன். நீர் உடனே கையைத் தூக்கி மறித்தீர்.

"பூக்கிற வரைக்கும் ஒண்டும் சொல்லாதையும். செடிதான் சொல்லவேணும்."

செடி பூக்கமுதல் நீர் போய்விட்டீர்.

அதற்குப் பிறகு நடந்தது ஒன்றும் உமக்குத் தெரியாது. செத்தவீட்டுச் சனம் கலைந்த பிறகு நான் அந்த வலைக்குள் போய் நின்றேன். தண்ணி விடவேணும் என்று போனது. ஆனால் குனிந்து பார்த்தபோது வாளியைக் கீழே வைத்துவிட்டேன். நெடுந்தீவுச் செடியின் புது இலைகள் மெலிந்துபோயிருந்தன. வெள்ளைச் சடை குறைந்திருந்தது. பெருநிலச் செடியின் இலையையும் அதையும் கையில் வைத்துக் கண்ணை மூடித் தடவினால் எது எதுவென்று சொல்ல ஏலாது.

அப்போ பேராசிரியர் சொன்னதுதான் சரியோ? இவ்வளவு காலமும் நீர் காற்றைத்தான் ஒரு இனம் என்று நம்பினீரோ? உம்மிடம் கேட்கவும் வழியில்லை. பிடுங்கி எறிந்துவிடுவோம் என்றுகூட ஒருநாள் வெளிக்கிட்டேன், மச்சாள். அன்ரன் கடலுக்குப் போய்விட்டு வந்து வலையடியில் என்னைக் கண்டுவிட்டார்.

"என்ன செய்யிறீர்?"

"இலை மாறிப்போச்சு. ஸ்டெல்லா தோத்திட்டா. அதை நானே இன்னொருத்தருக்குச் சொல்லவேண்டாம் எண்டு பார்க்கிறன்."

"தங்கச்சி இலையைப் பற்றி மட்டுமோ சொன்னவ?"

"இல்லை. பூவடிச் செதிலையும் சொன்னவ."

"பூத்திட்டுதோ?"

"இல்லை."

"பிறகென்ன? விடும்."

அவருக்கு வேர்னோனியா ஒன்றும் தெரியாது. ஆனால் தங்கையைத் தெரியும். நான் விட்டேன்.

மாரி முடிந்து பனி கலைகிற காலத்தில் இரண்டும் ஒன்றாக மொட்டு விட்டன. பள்ளிக்கூடம் விட்டு வந்து சீலை மாற்றாமலே கைவில்லையை எடுத்துக்கொண்டு போய் நிலத்தில் இருந்தேன். முதலில் பெருநிலச் செடி. செதில்கள் கூராக, ஒட்டிக்கொண்டு, புத்தகத்தில் உள்ளபடியே. பிறகு உம்மடது.

வளைந்திருந்தது, மச்சாள்! ஒவ்வொரு செதிலும் நுனி மழுங்கி, வெளிப்பக்கம் திரும்பி, நீர் கீறின படம் உயிரோடு எழும்பி வந்தது போல இருந்தது. அடுத்த கொத்து, அதற்கடுத்தது, அடுத்த செடி. எல்லாம் அப்படியே. மண் மாறியும் தண்ணி மாறியும் காற்று மாறியும் அது மாறவில்லை. நான் போட்ட சத்தத்தில் அயல்வீட்டு அக்கா என்னைப் பாம்பு கடித்துவிட்டது என்று நினைத்து ஓடிவந்தா. அவவையும் கட்டிப்பிடித்து அழுதேன். ஏனென்று கேட்டதற்கு, "பூ பூத்திட்டுது" என்றுதான் சொல்ல வந்தது.

படங்களைப் பேராசிரியருக்கு அனுப்பினேன். அவருடைய ஆட்கள் மரபணுப் பரிசோதனைக்கு இலை கேட்டார்கள், அதையும் அனுப்பினேன். அதுவும் இரண்டும் வேறு வேறு என்றே வந்தது. பிறகு பேராசிரியர் தானே வந்தார். நான் கதிரை போடமுதல் வலைக்குள் போய்விட்டார். வெள்ளைக் காற்சட்டையோடு மண்ணில் முழந்தாளிட்டு நெடுநேரம் பார்த்தார். எழும்பும்போது சொன்னார்:

"இலையில நான் சொன்னது சரி, ரீச்சர். செதிலில அவ சொன்னது சரி. இனத்தைப் பிரிக்கிறது செதில்தான். அவ இருக்கேக்க நான் வந்து பார்த்திருக்கவேணும்."

அந்த மனிசன் மேல் எனக்கு இருந்த கோபம் அந்த இடத்திலேயே போய்விட்டது. ஆனால் விறாந்தையில் தேத்தண்ணி குடிக்கும்போது இன்னொரு பிரச்சினை வந்தது. கோப்பையை வைத்துவிட்டு அவர் சொன்னார்:

"செடிக்கு ஸ்டெல்லாவின்ர பேரை வைப்பம். என்றைக்கும் அவவின்ர ஞாபகமாய் நிக்கும். விவரித்துப் பேர் வைக்கிற வேலையை நானும் என்ர ஆட்களும் செய்யிறம்."

அன்ரனுக்குக் கண் கலங்கிவிட்டது. நான், "வேண்டாம், சேர்" என்றேன்.

இரண்டு பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். உமக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒரு செடிக்குப் பேர் வைக்கிறவர் தன்ர பேரையே அதற்கு வைப்பதில்லை. செடிக்கு உம்மட பேர் என்றால், பேர் வைத்தவர் வேறு ஒருவர். புத்தகங்களில் செடியின் பேருக்குப் பின்னால் அவருடைய பேர்தான் வரும். நீர் கண்டுபிடித்தவர் இல்லை, நினைவுகூரப்படுகிறவர் மட்டும்.

"என்ன யசிந்தா, தங்கச்சிக்கு வாற மரியாதையை ஏன் தட்டுறீர்?" என்று அன்ரன் கேட்டார். குரலில் உண்மையான கோபம் இருந்தது.

"நீங்கள் ஒரு வள்ளம் கட்டினால், வள்ளத்துக்கு உங்கட பேர் வைக்கவேணுமோ, இதைக் கட்டினது நீங்கள் எண்டு எழுதவேணுமோ?"

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "கட்டினது நான் எண்டுதான்" என்றார்.

பேராசிரியரிடம் திரும்பினேன். அவ்வளவு பெரிய ஆளை நான் எதிர்த்துப் பேசுவது அதுதான் முதல்தரம்.

"அவ பூ இல்லை, சேர். பூவைப் பிரிச்சுப் பார்த்தவ. பேர் வைக்கிற உரிமை அவவுக்குத்தான்."

அவர் கோப்பையைத் தள்ளிவைத்தார். மறுக்கப்போகிறார் என்றே நினைத்தேன். "அவ எனக்கு அனுப்பின வருணனை அப்பிடியே என்னட்டை இருக்கு" என்றார் கடைசியில். "இலையைப் பற்றின பந்தியைத் திருத்தினால் போதும். நீங்கள் திருத்துங்கோ. என்ர பேர் தேவையில்லை."

அப்படித்தான் நடந்தது. கட்டுரை உம்மட பேரிலும் என்ர பேரிலும் வந்திருக்கிறது. இனத்துக்குப் பேர் வைத்தவர் நீர் மட்டும். நீர் வருணனையில் எழுதிவைத்தபடி ஊரின் பேரையே வைத்தோம்: வேர்னோனியா நெடுந்தீவென்சிஸ். அதற்குப் பின்னால், முறைப்படி, உம்மட குடும்பப்பேர்.

ஊர்காவற்றுறை வீட்டுக்குக் கொண்டுபோய் மாமிக்கும் மாமாவுக்கும் சத்தமாக வாசித்துக் காட்டினேன். வேர்னோனியா நெடுந்தீவென்சிஸ் மரியநாயகம். மாமா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தவர் நிமிர்ந்தார்.

"கடைசியில என்ன சொன்னனீ?"

"மரியநாயகம், மாமா."

"என்ர பேரோ? எனக்கு அந்தச் செடியைத் தெரியவும் தெரியாதே!"

"உங்கட மகள் போட்ட கையெழுத்து, மாமா. உலகத்தில எந்தப் புத்தகத்தில இந்தச் செடி வந்தாலும் இதுவும் வரும்."

இன்னொருதரம் வாசிக்கச் சொன்னார். பிறகு இன்னொருதரம். மாமி கடதாசியை வாங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, "என்ர பிள்ளை, என்ர பிள்ளை" என்றா. மாமா மேற்சட்டையைப் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு இறங்கினார். கரையில் நின்ற ஒவ்வொருவரிடமும் போய், "என்ர மகள் ஒரு செடிக்குப் பேர் வைச்சிருக்கிறாள்" என்று சொன்னதை நான் வாசலில் நின்று கேட்டேன். மச்சாள், "வைச்சிருக்கிறாள்" என்றார். இப்போது, இன்றைக்கு வைத்தது போல.

இன்னொன்றையும் யோசித்துப் பார்த்தேன். இந்தச் சாதியை இனியும் பிரிப்பார்கள். நாளைக்கு யாரோ ஒருவர் நல்ல காரணத்தோடு எங்கட செடியையும் வேறு சாதிக்கு மாற்றக்கூடும். மாற்றட்டும். உமக்கும் அதில் சந்தோசமாகத்தான் இருக்கும். அப்படி மாற்றினாலும் முதல் பேர் வைத்தவரின் பேரை அடைப்புக்குறிக்குள் போட்டுக் கூடவே கொண்டுபோகவேணும் என்று விதி இருக்கிறது. எந்தச் சாதிக்குப் போனாலும் உம்மை விட்டுவிட்டுப் போக அதற்கு ஏலாது.

எங்கட வளவில் விளைந்த நல்ல விதைகளைச் சேர்த்து வைத்திருக்கிறேன். மாரி தொடங்க அவற்றை நெடுந்தீவுக்குக் கொண்டுபோய் அங்கேயே விதைப்பேன். முளைக்காவிட்டால் அடுத்த மாரிக்கும் போவேன். உம்மட இனம் என் கண்ணுக்கு முன்னால் அழிந்துபோக விடமாட்டேன், ஸ்டெல்லா. இது சத்தியம்.

உம்மட அண்ணன் பெண்சாதி, என்றைக்கும் உம்மட மச்சாள்,
யசிந்தா
சரவணை