என் பெயர் போட்ட கல்

காக்ஸ் டவுன், பெங்களூர்
அக்டோபர் 14

அன்புள்ள லாவண்யாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் நன்றாக இருக்கிறோம், அம்மாவின் முழங்கால் மட்டும் மழை வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, டிவியில் சொல்வதைவிட அதைத்தான் நான் நம்புகிறேன். நீ அங்கே ரோட்டர்டாம் குளிருக்குப் பழகி, வேளைக்குச் சாப்பிட்டு, நன்றாகத் தூங்குகிறாய் என்று நினைத்துக்கொண்டே தொடங்குகிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். போனில் நான் யாரையாவது திட்ட ஆரம்பித்தால் அம்மா பிடுங்கிக்கொள்கிறாள், நீயும் "அப்பா, மறுபடியும் உமேஷ் அங்கிளா" என்று சிரிக்கிறாய். காகிதத்தில் யாரும் குறுக்கே வர முடியாது. பின் தெரு வீணா தன் மகளைப் பார்க்க உன் பக்கம் வருகிறாள், பருப்புப் பொடியோடு இதையும் கொடுத்தனுப்புகிறேன். பொடி டப்பாவை டேப் போட்டு ஒட்டியது நான்தான், கத்தியால் வெட்டு, பல்லால் கடிக்காதே.

போன ஞாயிறு நீ அழுதது இன்னும் காதில் இருக்கிறது. அந்த நூலகத்தின் படிக்கட்டை ஒரு வருடம் உட்கார்ந்து வரைந்தது நீ, கண்காட்சியில் வைத்த பலகையில் உன் ஆபீஸ் தலைவரின் பெயர் மட்டும். நீ என்னிடம், இத்தனை வருஷம் இதையெல்லாம் எப்படித் தாங்கிக்கொண்டீர்கள் என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் அம்மா போனை வாங்கிக்கொண்டாள். பதில் இதுதான்: நான் எதையும் தாங்கிக்கொள்ளவில்லை. ஒவ்வொருவர் மேலும் இருந்த கோபத்தைத் தனித்தனியாக, செடிக்குத் தண்ணீர் விடுவதுபோலப் பராமரித்து வந்தேன். ஆனால் போன மாதம் பீன்யாவில் ஒரு கூத்து நடந்தது, அதை உனக்கு முழுதாகச் சொல்ல வேண்டும், சொன்னால் நீ சிரிப்பாய்.

முதலில் கொஞ்சம் பழைய கதை, பொறுத்துக்கொள். படிப்பு முடிந்ததும் என் வகுப்பில் பாதிப் பேர் பம்பாய், துபாய் என்று கிளம்பினார்கள். நான் போகவில்லை. கொள்கை என்று இப்போது சொல்லிக்கொள்ளலாம், உண்மையில் அப்போது தாத்தாவுக்கு உடம்பு சரியில்லை. அதனால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் வீடு திரும்பக்கூடிய தூரத்தில் மட்டும் வேலை எடுத்தேன், பிறகு அதுவே பழக்கமாகிவிட்டது. கோலாரில் பள்ளிக்கூடம், ஒசூரில் ஆஸ்பத்திரி, தும்கூர் ரோட்டில் இரண்டு மூன்று வீடு, எல்லாம் செங்கல், கல், ஓடு. முதல் பெருமழை பெய்தால் குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிப் போய், நான் கட்டியது ஒழுகுகிறதா என்று நின்று பார்ப்பேன். வீட்டுக்காரர்கள் ஆரம்பத்தில் பயந்தார்கள், அப்புறம் மழை இருட்டும்போதே டீ போட்டு வைத்தார்கள். இந்த உமேஷ் இருக்கிறானே, என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து என் வரைபடத்தை எட்டிப் பார்த்துப் பாஸானவன், ரிங் ரோடு முழுக்கக் கண்ணாடிப் பெட்டி கட்டிவிட்டு ஒரு பத்திரிகைப் பேட்டியில் என்னை 'வட்டாரக் கட்டிடக் கலைஞர்' என்று பாராட்டினான். பாராட்டாம். டவுன் பஸ் போகிற தூரத்துக்கு மேல் போகாதவன் என்று அர்த்தம். அவன் கண்ணாடிக் கட்டிடங்களில் வெயில் தாங்காமல் பகலெல்லாம் திரையை இழுத்துவிட்டு லைட் எரிக்கிறார்கள் என்பதை எந்தப் பத்திரிகையும் எழுதவில்லை. சரி, அவனை விடுகிறேன். அம்மா எட்டிப் பார்க்கிறாள்.

பீன்யா முனிகிருஷ்ணனை உனக்கு நினைவிருக்கும், லேத் பட்டறை வைத்து ஃபாக்டரியாக வளர்த்தவர், நீ சின்னப் பிள்ளையாக இருந்தபோது தீபாவளிக்குப் பெட்டி நிறைய மைசூர் பாகு அனுப்புவார். நான் சொந்தமாக ஆபீஸ் போட்டதும் வந்த முதல் வேலை அவருடைய தொழிலாளர்களுக்கான கேன்டீன்தான். அங்கே வேலை செய்கிறவர்களில் பாதிக்கு மேல் பெண்கள், ஷெட்டுக்குள் ஷிப்ட் முழுக்க ட்யூப் லைட்டில் நிற்பவர்கள், டிபன் சாப்பிடுகிற நேரத்திலாவது வெயில் அவர்கள் மேல் படட்டும் என்று கிழக்குச் சுவர் முழுவதையும் செங்கலுக்குச் செங்கல் இடைவெளி விட்டு ஜாலிச் சுவராகக் கட்டினேன். காலையில் உள்ளே போனால் மேஜை, தட்டு, கை என்று எல்லாவற்றிலும் சதுரம் சதுரமாக வெளிச்சம் விழுந்திருக்கும். ஒரு வாஸ்துக்காரர் வந்து பார்த்துவிட்டு, கிழக்கே திறப்பு, பிரமாதம், சாஸ்திரம் தெரிந்தவர் போலிருக்கிறது என்று என் முதுகில் தட்டினார். அந்த அவமானத்தை இன்றுவரை நான் மறக்கவில்லை.

நம் ஊரில் எந்தக் கட்டிடத்தைத் திறந்தாலும் ஒரு கருங்கல் பலகை உண்டு, திறந்து வைத்தவர், தலைமை தாங்கியவர், முன்னிலை வகித்தவர், முன்னிலை வகித்தவருக்குப் பின்னால் நின்றவர் என்று அதில் எல்லோர் பெயரும் இருக்கும், அதை வரைந்தவன் பெயர் மட்டும் இருக்காது. அந்த முதல் கேன்டீனுக்கு வைத்த கல்லில் சமையல் காண்ட்ராக்டர் பெயர்கூட இருந்தது. நான் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கர்ப்பமாக இருந்த உன் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய், மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே படித்துவிட்டு, கேசரி பாத் தொடாமல் திரும்பி வந்தேன். அன்றிலிருந்து முனிகிருஷ்ணனோடு பேச்சு உண்டு, சிரிப்பு கிடையாது. அதற்குப் பிறகு நான் கட்டியவற்றிலும் அதே கதைதான். எங்கேயும் கல்லில் என் பெயர் இல்லை. உன் அம்மா இதைச் சின்ன விஷயம் என்பாள். உனக்கு இப்போது தெரியும், சின்ன விஷயம் இல்லை.

இந்த வருடத் தொடக்கத்தில் முனிகிருஷ்ணன் வீட்டுக்கே வந்தார், கூட அவர் மனைவி காந்தாவும். கேன்டீன் போதவில்லை, பக்கத்திலேயே இன்னொரு ஹால் வேண்டும், பழையது இத்தனை மழையில் ஒரு சொட்டு ஒழுகவில்லை, அதனால் நீங்கள்தான் செய்ய வேண்டும் என்றார். நான் ஒரே ஒரு நிபந்தனை சொன்னேன், கல்லில் என் பெயர். மனுஷன், "அய்யய்யோ, இதுக்காகவா சார் இத்தினி வருசம் மூஞ்சிய தூக்கி வச்சினு இருந்தீங்க? அப்பவே வாய தொறந்து கேட்டிருந்தா பெருசா போட்டிருப்பேனே" என்றார். காந்தா அவரை இடித்து, "கேட்டு வாங்கறதா அது? நீதான் போட்டிருக்கணும்" என்றாள். அன்று முதல் அந்த அம்மாள் மேல் எனக்கு மரியாதை.

ஹால் நன்றாக வந்தது, சொல்லிக்கொள்ளக் கூடாது, ஆனால் நன்றாக வந்தது. அதே கிழக்குச் சுவரை அப்படியே நீட்டி, நடுவில் வாசல் வைத்து, இரண்டு பக்கமும் ஜாலி. திறப்பு விழாவுக்கு முதல் நாள் காலையில் கல் வந்து இறங்கியது. கதவு அகலம். எம்.எல்.ஏ. பெயர் முதல் வரி, முனிகிருஷ்ணன் இரண்டாவது, மூன்றாவது வரியில் 'கட்டிட வடிவமைப்பு: ரகுராம்'. யாரும் பார்க்காத நேரத்தில் விரலால் தடவிப் பார்த்தேன், நன்றாக ஆழமாகவே வெட்டியிருந்தார்கள். உனக்கு போட்டோ எடுத்து அனுப்பலாம் என்று போனைத் தேடும்போதுதான் காண்ட்ராக்டர் ஹரிஷ் வந்து, எங்கே பதிக்க என்று கேட்டான். திறப்பு விழாக் கல் வாசலுக்குப் பக்கத்தில், ஆள் உயரத்தில்தான் இருக்க வேண்டும், வருகிறவர் அங்கே நின்றுதான் திரையை இழுப்பார், அதுதான் முறை. வாசலுக்கு இரண்டு பக்கமும் என் ஜாலி. இவ்வளவு வருடமாகக் கல்லுக்காக ஏங்கியவன், அந்தக் கல்லுக்கு ஒரு இடம் வரையவில்லை, பார்த்துக்கொள். ஹரிஷ் அதற்கெல்லாம் அசரவில்லை, "டென்ஷன் ஆவாதீங்க சார், பின்னாடி சிமெண்ட் வச்சு ஓட்டையெல்லாம் அடைச்சிட்டா கல்லு ஜம்முனு நிக்கும்" என்றான். ஓட்டையாம். ஆனாலும் தலையை ஆட்டினேன். உன்னிடம் மறைப்பானேன், சரி, ஒரு பக்கம்தானே, இன்னொரு பக்கம் இருக்கிறதே என்றுதான் நினைத்தேன்.

ஆட்கள் கல்லைத் தூக்கிக் குறி போடுவதற்காகச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார்கள். பழைய ஹாலில் தரை வேலை நடந்ததால் அன்று டிபன் புது ஹாலில்தான், சுவரோரம் முதல் மேஜையில் பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். உள்ளேயிருந்து மமதா என்று ஒருத்தி, பாகங்களைப் பூட்டுகிற அசெம்ப்ளிப் பிரிவில் வேலை செய்கிறவள், போட்டாள் பார் ஒரு சத்தம், "யாரப்பா அது வெளிச்சத்துக்கு முன்னாடி நிக்கிறது? சாம்பார் எது சட்னி எதுன்னு தெரியல, ஸ்வல்ப தள்ளி நில்லுங்க!" ஆட்கள் சிரித்தார்கள், பக்கத்தில் இருந்த இன்னொருத்தி, "எம்.எல்.ஏ. வர்றாருல்ல, அவரு நிழலு இன்னிக்கே வந்துடுச்சு" என்றாள். நான் உள்ளே போய்ப் பார்த்தேன். மேஜை முழுக்க வழக்கம்போலச் சதுரங்கள், அந்த ஒரு மூலை மட்டும் கிணற்றுக்குள் பார்ப்பதுபோல இருட்டு. அந்த இருட்டுக்கு அந்தப் பக்கம், வெயிலில், என் பெயர். வெளியே வந்து, இறக்கு என்று சொன்னேன். ஹரிஷுக்குப் புரியவில்லை, மறுபடி சொன்னேன், கொஞ்சம் சத்தமாகவே சொன்னேன்.

அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. முனிகிருஷ்ணன் ஓடி வந்து தலையில் கை வைத்துக்கொண்டு, "போடலன்னா கோவம், போட்டாலும் கோவமா? என்னா சார் நீங்க, நான் எங்க போயி முட்டிக்கறது" என்றார். எம்.எல்.ஏ.வின் ஆள் ஒருத்தன், கல் வாசலில் இல்லையென்றால் அண்ணன் காரை விட்டு இறங்கமாட்டார் என்று மிரட்டினான். கடைசியில் காந்தாதான் வழி சொன்னாள். மறுநாள் கேன்டீன் நாற்காலி இரண்டைச் சேர்த்துப் போட்டு, அதன்மேல் கல்லை நிற்க வைத்து, மாலை போட்டு, திரையும் கட்டினோம். அண்ணன் இறங்கினார், திரையை இழுத்தார், கை தட்டினார்கள், போட்டோ எடுத்தார்கள், போய்விட்டார். நான் இந்தத் தடவை கேசரி பாத் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன், அம்மாவைக் கேட்டுப் பார்.

கல் ஒரு வாரம் ஜெனரேட்டர் பக்கத்தில் சாய்ந்து கிடந்தது. யார் காலிலாவது விழும் என்று காந்தா சத்தம் போட்டதும், முனிகிருஷ்ணன் எனக்கு போன் செய்து தயங்கித் தயங்கி ஒரு யோசனை கேட்டார், நான் சரி என்றேன். வெளியே புங்க மரத்தடியில் இரண்டு பக்கமும் செங்கல் அடுக்கி அதையே பெஞ்சாகப் போட்டுவிட்டார்கள். பெயர் மேல் உட்காரக் கூடாது என்பதால் எழுத்து கீழே, வழவழப்பான பின்பக்கம் மேலே. ஆக, எம்.எல்.ஏ., முனிகிருஷ்ணன், உன் அப்பா மூன்று பேரும் இப்போது எறும்புகளைப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். போன வாரம் மழைக்கு மறுநாள் போயிருந்தேன், ஒழுகவில்லை. அந்தக் கல்லில் உட்கார்ந்திருந்தேன், மமதா டீ டம்ளரோடு வந்து, "நகருங்க சார், இது எங்க எடம்" என்றாள். நகர்ந்தேன்.

இதைப் படித்துவிட்டு, உன் ஆபீஸ் தலைவரை மன்னிக்கச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. மன்னிக்காதே, நான் முனிகிருஷ்ணனையே இன்னும் பாதிதான் மன்னித்திருக்கிறேன். அடுத்த பலகையில் உன் பெயர் வேண்டும் என்று வாயைத் திறந்து கேள், நான் செய்ததுபோல மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்காராதே. ஆத்திரத்தில் வேலையை விட்டுவிடாதே, விடுவதானால் நூலகம் திறந்த பிறகு விடு. திறந்ததும் ஒரு காலை நேரத்தில் போய் உன் படிக்கட்டில் ஓரமாக உட்கார்ந்து, ஜனங்கள் ஏறி இறங்குவதைக் கொஞ்ச நேரம் பார். யாராவது உன்னை நகரச் சொல்கிறார்களா என்றும் பார், சொன்னால் எனக்கு உடனே எழுது.

நீ நல்ல உடம்போடும் நிமிர்ந்த தலையோடும் இருக்க எங்கள் இருவருடைய ஆசிகள் எப்போதும் உண்டு. எண்ணெய் தேய்த்துக் குளி, ராத்திரியில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். டிசம்பரில் வரும்போது பழைய சுடிதார் ஒன்று மறக்காமல் எடுத்து வா. பீன்யாவுக்குக் கூட்டிப் போகிறேன், மண்ணில் மண்டி போட்டு, போனில் டார்ச் அடித்து, தலையை நன்றாக உள்ளே விட்டால்தான் படிக்க முடியும். மூன்றாவது வரி.

என்றும் உன் நினைவில்,
அப்பா
ரகுராம்