எழுபதுக்கு மேல் செல்லாது

ரவுண்ட் ராக், டெக்சாஸ்
11 மார்ச் 2001

அன்புள்ள அக்காவுக்கு, தம்பி வெள்ளியங்கிரி வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? போன கடிதத்தில் மூன்று கேள்விகள் கேட்டிருந்தேன். ஒன்றுக்குத்தான் பதில் வந்தது.

இங்கே ஒரு சங்கடம். மகன் மதனுக்கு வேலை போய்விட்டது. ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அட்டைப் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். பெட்டியில் ஒரு காப்பிக் கோப்பையும் பேத்தி தென்றலின் படமும் இருந்தன. மருமகள் வெண்பா டேகேரில் குழந்தைகளைப் பார்த்து வாங்கும் சம்பளம் மளிகைக்கும் காருக்கும் சரியாகிவிடுகிறது. கடன் தவணைக்குப் போதவில்லை.

கடன் என்றால், 1998 ஆகஸ்டில் வீட்டின் பேரில் வாங்கியது. நான் மாடி ஏற வேண்டாம் என்று கீழே எனக்கு ஓர் அறை கட்டினார்களே, அதற்காக. காகிதங்களை எடுத்து முதலிலிருந்து படித்தேன். வேறு வேலை இல்லை, படிக்கவாவது செய்வோம் என்றுதான். அதில் ஒரு காப்பீடு சேர்த்திருக்கிறார்கள். கடன் வாங்கியவர் இறந்தால் மீதியைக் காப்பீட்டுக் கம்பெனி கட்டும். அதற்கான மூவாயிரத்து நானூற்று அறுபது டாலரையும் கடனோடு சேர்த்து, அதற்கும் வட்டி வாங்குகிறார்கள். அன்று மதன், "எனக்கு ஆபீஸ்லயே இன்சூரன்ஸ் இருக்கு, வேண்டாம்" என்றான். உடனே கடன் கம்பெனியின் அம்மாள் காகிதத்தை என் பக்கம் திருப்பி, இது கட்டாயம் என்றாள். வீட்டுப் பத்திரத்தில் என் பெயரும் இருக்கிறதல்லவா? பென்சிலால் குறி போட்டிருந்த இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டேன். கட்டாயமில்லை என்று அதே காகிதத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. எழுபது வயதுக்கு மேற்பட்டவருக்குச் செல்லாது என்றும் இருக்கிறது. அன்று எனக்கு எழுபத்தொன்று.

பணத்தைத் திருப்பித் தரும்படி காப்பீட்டுக் கம்பெனிக்கு எழுதினேன். பிறப்புப் பதிவேட்டின் நகல் கேட்கிறார்கள், பாஸ்போர்ட் போதாதாம். என் பிறப்பு எங்கே பதிவாகியிருக்கிறது என்று உங்களுக்குத்தான் தெரியும். தயவுசெய்து தெரிவிக்கவும்.

தம்பி
வெள்ளியங்கிரி

பேரூர்
2 ஏப்ரல் 2001

தம்பிக்கு அக்கா தனபாக்கியம் ஆசீர்வாதம்.

காலு அப்படியேதான் இருக்குது. ரெண்டாவது கேள்வி என்னன்னு மறந்து போச்சு. மூணாவதுக்கு ஆமாம்னு வெச்சுக்க.

மதனுக்கு வேற வேலை கெடைக்கும், கவலைப்படாத. அந்தப் பதிவேடெல்லாம் கரையான் தின்னு போச்சு. ஆபீசும் மாத்திட்டாங்க. அந்தக் காலத்துல யாரு பொறந்ததை எழுதி வெச்சாங்க? மூவாயிரம் டாலர் போனாப் போகுது விடு. நீ சின்னதுலயே பல்பத்தை எண்ணி வெச்சுட்டுத் தூங்கறவன்தானே. இத்தனை வயசுக்கு மேல பொறந்த தேதிய வெச்சு என்ன பண்ணப் போற? தோண்டாத சாமி.

வெண்பாவையும் கொழந்தையையும் கேட்டதாச் சொல்லு.

அக்கா

ரவுண்ட் ராக்
29 ஏப்ரல் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உங்களிடம் மறைப்பது சரியில்லை என்று தோன்றியதால் இதை எழுதுகிறேன். படித்துவிட்டுக் கிழித்துவிடுங்கள்.

அந்தக் காப்பீட்டுக் காகிதத்தை இருபது நாள் சட்டைப்பையில் வைத்திருந்தேன். என்னால் இந்த வீட்டுக்கு ஆகக்கூடிய பெரிய உதவி அதில்தான் எழுதியிருந்தது. நான் இறந்தால் கடன் தீரும். மதன் மேசையில் உட்கார்ந்து தவணைக் கணக்குப் பார்க்கும்போது எதிரில் உட்கார்ந்து சாப்பிடுவது எனக்குக் கூச்சமாக இருந்தது. அவனுக்கு இந்தக் காகிதம் நினைவில் இருக்கிறதா என்று கேட்கவும் பயமாக இருந்தது. வெண்பா ஒருநாள், "மாமா, முகம் வெளுத்திருக்கே, டாக்டர்கிட்ட அப்பாயின்ட்மென்ட் போடவா?" என்றாள். நல்லெண்ணத்தில்தான் கேட்டாள். நான் அதைப் பலமுறை மனதுக்குள் திருப்பிப் பார்த்தேன்.

பின்பக்கத்தை அதற்குப் பிறகுதான் படித்தேன். எழுபதுக்கு மேல் செல்லாது. நான் போனாலும் ஒரு டாலர் வராது. அப்போது வந்தது நிம்மதியா, ஏமாற்றமா என்று இன்னும் எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிவிட்டால், காகிதமும் ரத்தாகும், மூன்று நான்கு மாதத் தவணையும் கட்டலாம். அது முடியும்வரை எனக்கு மனம் ஓரிடத்தில் நிற்காது.

கோபித்துக்கொள்ளாதீர்கள். சுற்று ஊர்ப் பதிவேடுகளையெல்லாம் தேடிப் பார்க்கும்படி பத்திர எழுத்தர் கிட்டுசாமிக்கு எழுதியிருக்கிறேன். நகல் கிடைத்தால் உங்களிடம் கொடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

வெள்ளியங்கிரி

பேரூர்
3 ஜூன் 2001

தம்பிக்கு,

கிட்டுசாமி நேத்து வந்தான். ஒரு காகிதம் கேட்டே, ரெண்டு கொண்டாந்தான். "அம்மிணி, இது என்னங்க இப்படி இருக்குது?"ன்னான். வெயில்ல வந்தவனுக்கு மோர் குடுத்து அனுப்பிட்டேன்.

உனக்கு முன்னாடி ஒரு வெள்ளியங்கிரி இருந்தான். நீ வெச்சிருக்கற பொறந்த தேதி அவனோடது. ரெண்டரை வயசுல, மூணு நாள் காய்ச்சல்ல போயிட்டான். எனக்கு அஞ்சு வயசு. நீ அம்மா வயித்துல இருந்தே. அப்பா அவனைத் துணியில சுத்தித் தூக்கிட்டுப் போயிப் பொதைச்சுட்டு வந்தாரு. அம்மா வாசப்படியில நின்னுட்டு, "பையன் தூங்கறான், யாரும் சத்தம் போடாதீங்க"ன்னாங்க. நான் அழுதேன். வாயைப் பொத்துனாங்க. அழுதா அவன் போயிட்டான்னு ஆயிடுமாம்.

நாப்பது நாளும் தூங்கறான்னே சொல்லிட்டிருந்தாங்க. தட்டுல சோறு போட்டு மூடி வெப்பாங்க. நாப்பதாம் நாளு நீ பொறந்தே. "எந்திரிச்சுட்டான்"னாங்க.

அவன் சட்டை, அவன் அரணாக்கயிறு, அவன் பேரு, எல்லாம் உனக்கு. அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாத ஊருன்னு பேரூருக்கு வந்தோம். எமன் ஒரு பேரை ஒரு தடவைதான் எடுப்பான், எடுத்த பேருக்குத் திரும்ப வரமாட்டான்னு அம்மா சொல்லுவாங்க. உன் பொறந்த தேதிய எங்கயும் எழுதக் கூடாதுன்னு சாகற வரைக்கும் எங்கிட்டச் சத்தியம் வாங்கிட்டே இருந்தாங்க. அப்பா மட்டும் மணியக்காரர்கிட்டப் போயி, அவன் செத்ததை எழுதி வெச்சுட்டு வந்திருக்காரு. அது எனக்கும் நேத்துத்தான் தெரியும்.

நெசத்துல அன்னிக்கு உனக்கு அறுபத்தெட்டுதான். அப்படின்னா அந்தக் காகிதம் செல்லும். மொதல்ல அம்மா சத்தியத்துக்காகத்தான் மறைச்சேன். நீ போனா கடன் தீரும்னு எழுதுனியே, அந்தக் கடுதாசியப் படிச்ச பொறகு சொல்லவே கூடாதுன்னு இருந்தேன். ஆனா கிட்டுசாமி எப்படியும் உனக்கு எழுதிப்போடுவான்.

ரெண்டையும் இந்தக் கடுதாசியோட வெச்சிருக்கேன். பொறப்புக் காகிதத்தை மட்டும் அவங்களுக்கு அனுப்பு. பணத்தை வாங்கு. மத்ததை எரிச்சுடு.

அக்கா

ரவுண்ட் ராக்
1 ஜூலை 2001

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு நாள் எடுத்து எடுத்துப் படித்தேன். பள்ளிக்கூடத்தில் எட்டு வயதுக்கு வளர்த்தி போதாது என்று என்னைக் கடைசி பெஞ்சில் ஏற்றி நிற்கவைத்துச் சிரித்தார்கள். இப்போது புரிகிறது, எனக்கு அப்போது ஐந்தரை. கல்லூரி நூலகத்திலிருந்து ஓய்வு பெற்றபோதும் இரண்டரை வருடம் முன்பாகவே எழுந்து வந்திருக்கிறேன். அந்த நாட்களில் என் இடத்தில் யார் வேலை பார்த்தது என்று யோசிக்க ஆரம்பித்தால் நிற்பதில்லை.

ஒன்று செய்துவிட்டேன். இரண்டு நகலையும் அனுப்பிவிட்டேன்.

ஒரு கோப்பிலிருந்து ஒரு தாளை உருவிவிட்டு அனுப்ப எனக்குக் கை வரவில்லை. முப்பத்தைந்து வருடப் பழக்கம். ஐந்து குறிப்புகளாக விளக்கமும் எழுதி மேலே வைத்தேன். கட்டாயம் என்று சொல்லி விற்றது தவறு என்பதே போதிய காரணம் என்றும் எழுதினேன். மூன்றாவது குறிப்பு, "இந்தப் பதிவுகளில் உள்ள குழந்தை நான் அல்ல." அதைத் தட்டச்சு செய்துவிட்டுப் பார்த்தேன். கீழே என் கையெழுத்து அந்தக் குழந்தையின் பெயராக இருந்தது.

வயது அறுபத்தெட்டு என்று முடிவானால் பணம் வராமல் போகலாம், காகிதம் நிலைக்கலாம். நீங்கள் எதற்குப் பயப்படுகிறீர்கள் என்று புரிகிறது. பயப்பட வேண்டாம் என்று எழுத வேண்டும். எழுதுகிறேன்.

வெள்ளியங்கிரி

ரவுண்ட் ராக்
26 ஆகஸ்ட் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. தபால் பெட்டியிலிருந்து எடுத்து வந்தவள் தென்றல். உறையில் "மறைந்த வெள்ளியங்கிரியின் குடும்பத்தாருக்கு" என்று இருந்தது. "தாத்தா, திஸ் இஸ் அபௌட் யூ" என்று என்னிடமே கொடுத்தாள்.

என் விளக்கத்தை யாரும் படிக்கவில்லை. இரண்டு நகலையும் சேர்த்துப் பார்த்திருக்கிறார்கள். காப்பீடு செய்யப்பட்டவர் 1929 நவம்பர் 18 அன்று இறந்திருப்பதால் ஒப்பந்தம் தொடக்கத்திலிருந்தே செல்லாது. முழுத் தொகையும் வட்டியும் இறந்தவரின் நெருங்கிய உறவினருக்குத் திருப்பித் தரப்படும். கூடவே தனித் தாளில் ஓர் இரங்கல். நல்ல தாள், ஓரத்தில் கறுப்புக் கோடு.

நான் தொலைபேசியில் கூப்பிட்டேன். பெயர் சொன்னேன். அந்தப் பக்கம் விசைப்பலகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் மிகவும் மென்மையாக, இதைப் பற்றி இறந்தவரின் குடும்பத்தாரிடம் மட்டும்தான் பேச முடியும் என்றாள். இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டபோதும் அதே பதில். போன வாரம் மருந்துக் கடையில் என் மருத்துவ அட்டையை இயந்திரம் ஏற்கவில்லை; நான் இறந்த செய்தி அங்கேயும் போயிருக்கிறது போலும். அந்தப் பையன் திரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், மேனேஜரைக் கூப்பிடப் போனான். மாத்திரை வாங்காமல் வந்துவிட்டேன்.

மதன் முதலில் சிரித்தான். பிறகு கையெழுத்துப் போடவேண்டிய படிவத்தைப் படித்துவிட்டுச் சிரிக்கவில்லை. "எங்கப்பா செத்துட்டார்னு நான் சைன் பண்ணணுமா? முடியாதுப்பா. வீடு போனா போகட்டும், அபார்ட்மென்ட் பாத்துக்கலாம்" என்றான்.

"நாலு மாசத் தவணை, மதன்."

"நாப்பது மாசமா இருந்தாலும் முடியாது. நீங்க எதிர்ல உக்காந்து மோர் சாதம் சாப்பிடறீங்க, நான் எப்படி அதுல சைன் பண்றது?"

எனக்கு அன்று சாப்பாடு நன்றாக இறங்கியது, அக்கா. மார்ச்சிலிருந்து அப்படி ஒரு நாள் இல்லை.

ஆனாலும் பணம் நம்முடையது, ஏமாற்றி வாங்கப்பட்டது. நான் யோசித்துப் பார்த்தேன். 1927 ஜூனில் பிறந்து 1929 நவம்பரில் இறந்த வெள்ளியங்கிரிக்கு உயிரோடு இருக்கும் மூத்த உறவு நீங்கள்தான். நீங்கள் கையெழுத்திட்டால் படிவத்தில் எந்தச் சொல்லும் பொய்யாகாது. என் விளக்கத்தின் பிரதியை மறுபடியும் பதிவுத் தபாலில் அவர்களுக்கு அனுப்பிவிட்டுத்தான் இதைக் கேட்கிறேன். நோட்டரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். மனம் ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள்.

வெள்ளியங்கிரி

பேரூர்
30 செப்டம்பர் 2001

தம்பிக்கு,

டிவியில அங்க நடந்ததையெல்லாம் காட்டினாங்க. நீங்க இருக்கற ஊரு அது இல்லைன்னு பக்கத்து வீட்டு செல்வராஜ் மேப்புல காட்டுன பொறகுதான் தண்ணி குடிச்சேன்.

கிட்டுசாமி ஆட்டோ வெச்சு நோட்டரி வக்கீல் பத்மநாபன்கிட்டக் கூட்டிட்டுப் போனான். "வாயால ஒருதரம் சொல்லீருங்கம்மா"ன்னாரு வக்கீலு. "என் தம்பி வெள்ளியங்கிரி செத்துப் போயிட்டான்"னு சொன்னேன். சொன்னதும் எழுபத்திரண்டு வருசமா அடைச்சிருந்தது தொறந்துக்கிச்சு. அழுதேன். வக்கீலு எந்திரிச்சு ஃபேனைப் போட்டாரு, பாவம், அவருக்கு என்ன பண்றதுன்னு தெரியல. "எப்பங்கம்மா ஆச்சு?"ன்னாரு. நேத்துன்னு சொல்லிட்டேன்.

படிவத்தை அனுப்பியிருக்கேன். கறுப்புக் கோடு போட்ட காகிதம் இருக்குன்னியே, அதை எனக்கு அனுப்பு. அவனுக்குன்னு இது வரைக்கும் யாரும் ஒரு வரி எழுதுனதில்ல.

அக்கா

ரவுண்ட் ராக்
9 டிசம்பர் 2001

அன்புள்ள அக்காவுக்கு,

இது நான்காவது கடிதம். முதல் மூன்றுக்குப் பதில் இல்லை. தபால் தாமதமாகிறது என்று முதலில் நினைத்தேன்.

செய்தி இதுதான். காசோலை வந்தது. நீங்கள் எழுதிக் கொடுத்தபடி மதன் பெயருக்கு மாற்றிக் கடனில் கட்டியாயிற்று. மதனுக்குப் பிளானோவில் ஆறு மாதக் கான்ட்ராக்ட் வேலை கிடைத்திருக்கிறது. வெள்ளிக்கிழமை வருகிறான், ஞாயிறு போகிறான். வீடு இப்போதைக்குப் பத்திரம். என் அட்டையைச் சரிசெய்ய மூன்று அலுவலகங்களுக்குப் போனோம். இரண்டு இடத்தில் நான் உயிரோடு இருக்கிறேன்.

நேற்று செல்வராஜுக்குப் போன் செய்தேன். நீங்கள் நன்றாக இருப்பதாகச் சொன்னார். அந்தக் கறுப்புக் கோட்டுத் தாளுக்குச் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருக்கிறீர்களாம், தினமும் பூ வைக்கிறீர்களாம். அப்புறம் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "தப்பா நினைக்காதீங்க சார். அந்தத் தாள் வந்ததுக்கு அப்புறம் உங்க லெட்டர் எதையும் அம்மா பிரிக்கறதே இல்ல. தம்பி அமெரிக்காவுல இருந்து எழுதியிருக்காருங்கன்னா, எனக்கு ஒரே தம்பிதானப்பா, அவன் சின்னதுலயே போயிட்டானேங்கறாங்க. மத்தபடி எல்லாம் ஞாபகமா இருக்காங்க. பால் கணக்குக்கூடச் சரியாச் சொல்றாங்க."

கோபமா, மறதியா என்று எனக்குத் தெரியவில்லை. அம்மா அன்று வாசற்படியில் நின்று ஊரிடம் ஒன்று சொன்னார்களே, அதுபோல நீங்களும் எனக்காக எமனிடம் சொல்லிக்கொண்டிருக்கிறீர்களோ என்றும் நினைத்துப் பார்க்கிறேன். இரவில் அப்படி நினைத்தால் தூக்கம் வருகிறது. காலையில் அது சரியென்று தோன்றுவதில்லை.

பிரிக்காவிட்டாலும் பரவாயில்லை. மாதம் ஒன்று எழுதுகிறேன். செல்வராஜ் இதை மற்றவற்றோடு வைத்திருக்கட்டும்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடுங்கள். குளிர்காலம்.

இப்படிக்கு,
உங்கள் இரண்டாவது தம்பி