அண்ணன் பார்த்து எழுதிய கடிதங்கள்

செப்டம்பர் 8, திங்கள்

திராட்சைக் கொடிக்கு அடிக்கிற டானிக்கை விற்க நான் எழுதிய கடிதங்கள் இன்று தபாலுக்குப் போய்விட்டன. வாட்ஸ்அப்பில் வந்தால் தள்ளிவிட்டுப் போய்விடுவான், தபாலில் வந்தால்தான் தோட்டத்துச் சம்சாரி உட்கார்ந்து பிரிப்பான் என்கிறார் ராக்கப்பன் சார். கம்பெனி அவருடையது. கடிதத்தின் அடியில் என் பெயரை 'உங்கள் மகள் ஜோதி' என்று போடச் சொன்னதும் அவர்தான்.

முதல் பத்தியில் பயம்: மழைக்கு வானம் இருட்டும்போது உங்களுக்குத் தூக்கம் வருகிறதா? அடுத்ததில் ஆறுதல். கடைசியில் பாட்டில். இது எனக்கு நன்றாக வருகிறது. அதுதான் எரிச்சல்.

செப்டம்பர் 14, ஞாயிறு

ஜெயமங்கலத்தில் அண்ணனுக்குப் பெண் பார்த்தோம். பெயர் பாண்டீஸ்வரி. தேனியில் ரத்தம் பரிசோதிக்கும் லேபில் வேலை. அண்ணன் ஜீப் ஓட்டுகிறவன், கம்பத்திலிருந்து ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப் போகிறான். அதற்காகவே இதற்கு முன் இரண்டு வீட்டில் உதட்டைச் சுழித்தார்கள். ஏதோ அவர்கள் வீட்டில் எல்லோரும் கலெக்டர் மாதிரி.

இந்தப் பெண் சுழிக்கவில்லை. தனியாகப் பேச விட்டபோது அண்ணனிடம் சொன்னாளாம்: "போன்ல எல்லாரும் சாப்டியா, தூங்குனியான்னுதான் கேக்காக. நீங்க ஒரு லெட்டர் எழுதுங்க. படிச்சிட்டுச் சொல்றேன்."

வீடு வரும் வரை அண்ணன் அதையே சொல்லிப் புலம்பிக்கொண்டு வந்தான். பரீட்சை என்றாலே ஓடியவன் அவன்.

செப்டம்பர் 16, செவ்வாய்

எதிர்பார்த்ததுதான். "உனக்கு இது வேலை. எனக்கும் ஒண்ணு எழுதிக் குடு" என்றான். அண்ணன் பெயரிலேயே, முத்துக்குமரன் என்கிற வேறொரு ஆளை உட்கார்ந்து உண்டாக்கினேன். மலைப்பாதையில் மூடுபனியில் ஓட்டும்போது பேச்சுத் துணைக்கு ஏங்குகிறவன். வண்டியில் வரும் பெண்களின் பாட்டைக் கேட்டுக்கொண்டே கியர் மாற்றுகிறவன். உண்மையில் அண்ணன் ஸ்பீக்கரில் சத்தமாகப் பாட்டுப் போட்டுக்கொண்டு போவான்.

ஜீப் பானெட் மேல் தாளை வைத்து, நான் எழுதியதைப் பார்த்துப் பார்த்து அவன் கையெழுத்தில் எழுதினான். நாக்கு வெளியே வந்திருந்தது. பாவமாகத்தான் இருந்தது.

செப்டம்பர் 25, வியாழன்

பதில் வந்துவிட்டது. அண்ணன் பிரிக்காமலேயே என்னிடம் நீட்டினான்.

நல்லா எழுதியிருக்கீங்க என்று ஆரம்பித்து, ஒன்றே ஒன்று கேட்டிருக்கிறாள். இந்த வேலைக்குப் போக வீட்டில் ரொம்பச் சண்டை போட்டாளாம். கல்யாணத்துக்கு அப்புறம் எப்படி?

பயத்தை அவளே எடுத்து என் கையில் கொடுத்துவிட்டாள். ஆபீசில் நான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கே தேட வேண்டியதே இல்லை.

'நீ வேலையை விட வேண்டாம். காலையில் தேனி பஸ்ஸுக்கு நானே உன்னைக் கொண்டுபோய் விடுவேன்' என்று எழுதினேன். அண்ணனைக் கேட்கவில்லை. ஆனால் அவன் கையாலேயே எழுதினான், மறுக்கவில்லை. அப்படியென்றால் சம்மதம்தானே?

அவன் ஜீப் விடியுமுன்பே மலை ஏறிவிடும். தபாலில் போட்ட பிறகுதான் அது நினைவுக்கு வந்தது.

அக்டோபர் 5, ஞாயிறு

சரி சொல்லிவிட்டாள். இன்று உறுதி செய்தார்கள், கல்யாணம் தை மாதம். நடுவில் இன்னும் இரண்டு கடிதம் போயிருந்தது. அம்மாவுக்குக் கால் தரையில் இல்லை.

நான் மதினி என்றே கூப்பிட ஆரம்பித்துவிட்டேன். என் காதருகே வந்து, "உங்க அண்ணன் போன்ல ஊமை, பேப்பர்ல வக்கீல்" என்றாள். சிரித்தேன். கோயம்புத்தூரில் பெரிய லேபில் கூப்பிட்டிருந்தார்களாம். இனி கம்பம்தான் ஊர் என்று ஆகிவிட்டதால் வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம்.

அந்தக் கடிதத்தை நம்பியா?

அக்டோபர் 12, ஞாயிறு

சாப்பிடும்போது அண்ணன் அம்மாவிடம் சொல்கிறான், தை பிறந்ததும் மதினியை, வேலையை விடுவதாக லேபில் எழுதிக் கொடுத்துவிட்டு வந்துவிடச் சொல்ல வேண்டும் என்று. "கண்டவன் ரத்தத்தையும் மூத்திரத்தையும் பாக்குற வேலை. நம்ம வீட்டுக்கு எதுக்கு?" அம்மாவும் ஆமாம் போடுகிறாள்.

தட்டை நகர்த்தினேன். "வேலைய விட வேண்டாம்னு நீதானண்ணே எழுதுன?"

"நானா எழுதுனேன்? நீ எழுதுன. நான் பாத்து எழுதுனேன்."

"படிக்கவே இல்லையா?"

"எழுத்தத்தான் பாத்தேன். கரும்பலகைல இருக்கிறத எழுதுற மாதிரி."

அவன் பொய் சொல்லவில்லை. அவனை எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலும் அப்படித்தான் எழுதினான். இந்த ஊரில் பெண் பார்க்கும்போது படித்த பெண் வேண்டும், வேலை பார்க்கும் பெண் வேண்டும், நாலு பேரிடம் சொல்லிக்கொள்ள. தாலி ஏறியதும் அந்த வேலை மட்டும் நாறும். இவன் ஒருத்தனா? தெருவே இப்படித்தான்.

சரி, தெருவைத் திட்டியாகிவிட்டது. பொய்யை எழுதினது யாரு? நான்.

அக்டோபர் 13, திங்கள்

மதினியிடம் சொன்னால் அண்ணன் கல்யாணம் போச்சு. சொல்லாவிட்டால் அவள் போச்சு. போனைக் கையில் எடுப்பதும் வைப்பதுமாக இருக்கிறேன்.

அக்டோபர் 17, வெள்ளி

மழை. வானம் இருட்டினால் எனக்குத்தான் தூக்கம் வரவில்லை, காரணமே இல்லாமல். காரணம் இல்லாமலா?

அக்டோபர் 24, வெள்ளி

ஆபீசுக்கு ஒரு சம்சாரி வந்தார், மலைச்சாமி என்று. சட்டைப் பையிலிருந்து என் கடிதத்தை எடுத்தார். ஒரு துணிப்பையில் திராட்சைக் கொத்து. பழமெல்லாம் வெடித்து, ஈ மொய்த்தது.

சண்டை போட வந்திருக்கிறார் என்று நினைத்தேன். சண்டை போட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"நீதான் ஜோதியா ஆத்தா? பேத்திய ரெண்டு தடவ படிக்கச் சொல்லிக் கேட்டுட்டுத்தான் வாங்குனேன். நீ சொன்ன மாதிரியேதான் அடிச்சேன். இனி என்ன அடிக்கட்டும்?"

பழம் வெடிக்காது என்று நான் எழுதவில்லை. 'மழையிலும் நிம்மதியாகத் தூங்கலாம்' என்றுதான் எழுதினேன். இதை எப்படி அவரிடம் சொல்வது? சார் உள்ளேயிருந்து இன்னொரு பாட்டிலைக் காட்டச் சொல்லிச் சைகை செய்தார். "எதையும் வாங்காதீகய்யா" என்று சொல்லிவிட்டேன். மலைச்சாமி கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். பையை மேசையிலேயே வைத்துவிட்டுப் போய்விட்டார்.

"இரக்கம் வந்தா கோயிலுக்குப் போ. இங்கன கடிதம் எழுது" என்றார் சார்.

ஜெயமங்கலத்திலும் ஒருத்தி என் கடிதத்தை ரெண்டு தடவை படித்திருப்பாள்.

அக்டோபர் 26, ஞாயிறு

தீபாவளிக்கு எடுத்த சேலைக்கு நன்றி சொல்லி மதினி எழுதியிருந்தாள். பதில் எழுதிக் கொடு என்றான் அண்ணன். எழுதினேன். அன்று சாப்பாட்டில் அவன் சொன்னதை, ஒரு சொல் மாற்றாமல்.

பானெட் மேல் வைத்து எழுதிக்கொண்டு போனான். மூன்றாவது வரியில் பேனா நின்றது. இரண்டு தாளையும் மாறி மாறிப் பார்த்தான்.

"இது நான் சொன்னதுல்ல?"

"ஆமா."

"எதுக்கு இத எழுதுன?"

"கல்யாணம் நீதான பண்ணப் போற?"

அவன் வெட்கப்படுவான், தாளைக் கிழிப்பான், என்னை அடித்தாலும் அடிப்பான் என்று நினைத்தேன். இல்லை. திரும்ப ஒருமுறை படித்தான். "சரியாத்தான இருக்கு" என்றான். மூத்திரம் என்ற சொல்லை மட்டும் அடித்தான். அம்மாவுக்கு முழங்கால் வலி, வீட்டில் ஆள் வேண்டும் என்று சொந்தமாக இரண்டு வரி சேர்த்தான். அவனே போய்ப் பெட்டியில் போட்டான்.

நான் நேரில் சொல்லியிருக்க வேண்டும். தைரியமில்லாமல் அவன் கையாலேயே சொல்ல வைத்தேன். இதுக்கு என்ன பேரு?

நவம்பர் 3, திங்கள்

மதினி போன் செய்தாள்.

"இந்த லெட்டர்ல மட்டுந்தான் அடிச்சு எழுதியிருக்கு ஜோதி. மத்ததுல ஒரு அடிப்புக்கூட இல்ல. அதெல்லாம் யாரு எழுதுனது?"

நான் என்றேன்.

"வேலைய விட வேண்டாம்னு எழுதுனதும்?"

"ஆமா மதினி."

பின்னால் ஏதோ மெஷின் ஓடும் சத்தம். அழுகிறாளோ என்று காதைக் கொடுத்துக் கேட்டேன். அழவில்லை. "நல்லா எழுதுற. நான் நம்பிட்டேன்" என்றாள். பிறகு, "இனிமே மதினின்னு கூப்பிடாத" என்று வைத்துவிட்டாள்.

நவம்பர் 9, ஞாயிறு

அவள் வீட்டாள்கள் வந்து உறுதி செய்த அன்று நாங்கள் கொடுத்த சேலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். காபிகூடக் குடிக்கவில்லை. அம்மா என்னோடு பேசுவதில்லை.

அண்ணன் பேசினான். "நீ எழுதாம இருந்திருந்தா அவ முதல்லயே வேணாம்னு சொல்லிட்டுப் போயிருப்பா. அவளுக்கும் மரியாத, எனக்கும் மரியாத."

கோயம்புத்தூர் வேலை இன்னும் இருக்குமா? யாரிடம் கேட்பது?

டிசம்பர் 1, திங்கள்

புது உரத்துக்குக் கடிதம். மூட்டையில் என்ன இருக்கிறதோ அதை மட்டும் எழுதினேன். "இது லெட்டர் இல்ல, லேபிள்" என்று திருப்பிக் கொடுத்தார் சார். வேறு வேலை தேட வேண்டும். இந்தக் கம்பத்தில் என்ன வேலை?

ஜனவரி 25, ஞாயிறு

அண்ணனும் அம்மாவும் கெங்குவார்பட்டியில் ஒரு பெண்ணைப் பார்த்துவிட்டு வந்தார்கள். என்னைக் கூப்பிடவில்லை. வந்ததும் அம்மா கேசரி கிண்டினாள், எனக்கும் ஒரு தட்டு வைத்தாள். சம்பந்தம் முடிவாகிவிட்டது என்று தெரிந்தது.

அண்ணன் சந்தோஷமாக இருந்தான். லெட்டர் கிட்டர் எதுவும் இல்லையாம். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போகக் கூடாது என்று முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டானாம்.

"அதுக்கு அவ என்ன சொன்னா?"

"ஒண்ணும் சொல்லல. குனிஞ்சுக்கிட்டு தலைய ஆட்டுனா."

என்ன வேலை பார்க்கிறாள் என்று கேட்டேன். அதைக் கேட்கவில்லை என்றான்.