அநாதைப் பதிவு

கொற்கைக் கப்பல், காவல் அறை
பயண ஆண்டு 61, நாள் 112, 07:20
காவலர்: பெனிட்டா

இதைக் கண்டெடுப்பவருக்கு வணக்கம். எல்லாம் ஒழுங்கு, நான்காம் கூடத்தைத் தவிர. அங்கே குளிர்குழாய் வெடித்து, கூடமே உறைந்துகொண்டிருக்கிறது. சனியன், என் முறைக்கென்றே காத்திருந்தது.

நான்காம் கூடத்தில் தூங்குபவர்களைக் காலியாகக் கிடக்கும் ஏழாம் கூடத்துக்கு மாற்றுகிறேன். என் தங்கை லிடியாவும் அவர்களில் ஒருத்தி. நெடுந்தூக்கத்திலிருந்து எழுந்தபோது அவளையும் நான் மறந்திருந்தேன். எழுந்தவருக்குக் கப்பல்தான் அவருடைய பதிவை வாசித்துக் காட்டும்: உங்கள் பெயர் பெனிட்டா, உடன்பிறப்பு லிடியா. கேட்டதும் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

10:45

இயந்திரக் கை பெட்டிகளை எல்லாம் தூங்குபவர்களோடு ஏழுக்குத் தூக்கிவைத்துவிட்டது. வழியில் என் காலிப் பெட்டி மட்டும் பழுதாகிவிட்டது. போகட்டும், நான் முழித்திருப்பவள்தானே, எனக்கெதற்குப் பெட்டி?

இனி பதிவு வேலை. தெரியாதவருக்குச் சொல்கிறேன். கப்பலின் நிரலில் ஒவ்வொரு கூடமும் ஓர் ஆப்ஜெக்ட், அதாவது தகவலைத் தாங்கும் ஒரு பை. அதற்குள் 'தூங்குபவர்கள்' என்று ஒரு தொகுப்பு. டேட்டாபேஸில் கூடம் தனி அட்டவணை, ஆட்கள் தனி அட்டவணை. இந்தத் தொகுப்பில் உள்ளவர் அந்த அட்டவணையில் எந்த வரி என்று இரண்டையும் இணைத்துச் சொல்வது மேப்பிங். வரியில் இருப்பவருக்குத்தான் கப்பல் காற்றும் சூடும் அனுப்பும்: தூங்குபவருக்கு அவர் பெட்டிக்குள், காவலருக்குக் காவல் அறைக்குள், வேறெங்கும் இல்லை. வரி இல்லை என்றால் ஆளும் இல்லை.

ஒவ்வொருவராகச் சேர்க்கப் பொறுமை இல்லை. எல்லாரையும் ஒரு புதிய தொகுப்பில் போட்டு ஏழாம் கூடத்தில் வைத்தேன். நான்கில் வெறும் தொகுப்பு ஒன்றை வைத்தேன். ஐந்து நிமிட வேலை. திரையில் அழகாக இருக்கிறது.

13:05

அழகாவது மண்ணாவது.

சேமிப்பதற்கு முன் கப்பல் என்ன எழுதப்போகிறது என்று பார்த்தேன். 'நீக்க வேண்டியவை' என்ற தலைப்பின் கீழ் நான்காம் கூடத்துப் பெயர்கள் முழுவதும் இருக்கின்றன. லிடியா இருக்கிறாள். திரையில் ஏழாம் கூடத்தில் அவள் நாடி எழுபத்திரண்டு. கீழே அதே லிடியா நீக்கப்பட வேண்டியவள்.

முன்னால் போகும் உவரிக் கப்பலில் அந்தோணி அண்ணன் காவலில் இருக்கிறார்; உறவில்லை, மரியாதைக்குத்தான் அண்ணன். இந்த மேப்பிங்கை எழுதியவர் அவர்தான். செய்தி அனுப்பிவிட்டேன். போய்த் திரும்ப மூன்று மணி நேரம்.

16:05

உவரியிலிருந்து:
"ஏபிள்ள, என்ன செஞ்சு வச்சிருக்க? இருந்த தொகுப்புல ஒவ்வொருத்தரா சேக்கணும். நீ தொகுப்பையே தூக்கிப் போட்டுட்ட. பழைய தொகுப்புல இருந்து விழுந்தவங்கள அநாதைன்னு நெனச்சு கப்பல் அழிச்சிரும். செத்தவங்களுக்குக் காத்த வீணாக்கக் கூடாதுன்னு நாந்தான் அப்படி எழுதினேன். மாத்தினத ரத்தும் பண்ணிராத. பண்ணினா எல்லாரும் நாலுல இருக்காங்கன்னு நெனச்சு அங்க சூடு அனுப்பும், ஏழுல கெடக்கவங்க செத்துருவாவ. ஒவ்வொருத்தரா எடுத்து ஏழுல சேரு. அமர்வ மட்டும் மூடிராத."

அமர்வு என்பது டேட்டாபேஸோடு நான் திறந்து வைத்திருக்கும் பேச்சு. அது மூடும்போதுதான் மாற்றங்கள் போய்ப் பதியும். நான் மூடாவிட்டாலும் ஆறு மணிக்குக் கப்பல் தானே மூடிவிடும்.

17:35

ஒவ்வொருவராகச் சேர்த்தேன். பெயர், பெட்டி, சேர். பெயர், பெட்டி, சேர். ஒவ்வொரு தடவையும் 'நீக்க வேண்டியவை'யில் ஒரு பெயர் குறைந்தது. அவசரத்தில் லிடியாவைத் தாண்டிப் போய்விட்டேன் போல. இரண்டு பெயர்கள் மிச்சம்.

லிடியா. பெனிட்டா.

காவலுக்கு எழுந்தாலும் என் பெயர் நான்காம் கூடத்துத் தொகுப்பிலேயே இருந்திருக்கிறது. அதைக் காலி செய்தபோது என்னையும் சேர்த்துத் தள்ளியிருக்கிறேன். பெட்டி இல்லாத பெயரை எந்தக் கூடமும் ஏற்காது. மற்றக் கூடங்களை எல்லாம் கேட்டுப் பார்த்துவிட்டேன், நிரம்பியிருக்கின்றன. ஏழில் பெயரில்லாத பெட்டி ஒன்று. அதற்குள் லிடியா படுத்திருக்கிறாள்.

17:50

பயமாக இருக்கிறது. கப்பலுக்குப் பயம் புரியாது. 'பெட்டிக்கு யார் பெயர்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறது. ஒரு நிமிடம் என் பெயரை அடித்தேன். அடித்துவிட்டு அழித்தேன். அதை மறைக்க மாட்டேன்.

லிடியா என்று போட்டேன்.

அந்தோணி அண்ணனுக்கு அனுப்பியது: "அண்ணே, லிடியா எந்திரிச்சா அவளுக்கு ஒரு அக்கா இருந்தான்னு சொல்லிருங்க. கப்பல் சொல்லாது."

17:59

சின்னப் பிள்ளையில் அவளுக்கு இருட்டு என்றால் பயம். என் பாவாடையைப் பிடித்துக்கொண்டுதான்

18:00
காவலர்: —

அமர்வு மூடப்பட்டது. மாற்றங்கள் பதிந்தன. நீக்கியது: ஒன்று. காவல் அறையில் ஆள் இல்லை. காற்று நிறுத்தப்பட்டது.

19:10
காவலர்: —

உவரியிலிருந்து செய்தி:
"ஏபிள்ள, நீ முந்தி அனுப்பினதப் பத்தியே யோசிச்சிக்கிட்டு இருந்தேன். நீயும் நாலாம் கூடத்து ஆளுதான? உம்பேரும் விழுந்திருக்கும். காவல் அறையவே ஒரு கூடமா எழுதிரு. ஒரு தொகுப்பு, ஒரே ஆளு. நாற்காலியவே பெட்டின்னு போடு, கப்பல் ஒத்துக்கிடும். ரெண்டு வரிதான். கேக்குதா? பதில் சொல்லு."

பெறுநர் இல்லை. கிடங்கில் வைக்கப்பட்டது.

பயண ஆண்டு 68, நாள் 9, 08:15
காவலர்: லிடியா

என் முறை. ஏழாண்டுக்கு ஒரு காவலர். நேற்று எழுந்தேன். கப்பல் என் பதிவை வாசித்துக் காட்டியது. என் பெயர் லிடியா. உடன்பிறப்பு இல்லை.

காவல் அறை நாற்காலியில் ஒரு பெண் உட்கார்ந்திருக்கிறாள். உயிரில்லை, குளிரில் உறைந்து அப்படியே இருக்கிறாள். மூக்கு என் மூக்கு மாதிரி. யார் இவர் என்று கப்பலைக் கேட்டேன். "அறையில் நீங்கள் மட்டும்" என்றது.

11:30

மேலே உள்ள குறிப்புகளைப் படித்தேன். எனக்கு ஒன்றும் நினைவில்லை. ஆனால் அழுகை நிற்கவில்லை. நினைவில்லாத ஒருத்திக்காக எப்படி அழுவது என்று தெரியாமல் அழுதுகொண்டிருக்கிறேன்.

உவரியை அழைத்துப் பார்த்தேன். இதுவரை பதில் இல்லை.

16:40

என் பதிவில் உடன்பிறப்புகள் என்ற தொகுப்பைத் திறந்தேன். காலி. அதில் 'பெனிட்டா' என்று சேர்த்துச் சேமித்தேன்.

"அப்படி ஒருவர் இல்லை. புதிதாக உருவாக்கவா?"

ஆம்.

"இருக்கும் இடம்?"

காவல் அறை. ஒரு தொகுப்பு, ஒரே ஆள். நாற்காலி.

"பதிந்தது. அறையில் இருவர். பெனிட்டாவின் நாடிக்காகக் காத்திருக்கிறேன்."

மேலே இன்னொரு குழாய் திறந்து சூடான காற்று வருகிறது. அக்காவின் நெற்றி முடி அசைகிறது.