சர்க்கரை போடாத சோபோலோ

என்யோனம் அக்கா,

வெண்டைக்காய்க் குழம்பு அடுப்பில் இருக்கிறது. பாங்குக் களி மட்டும் நீ கிண்டிக்கொள். சாவி வழக்கம்போல் தையல்காரி வீட்டில். ஆய்வகத்திலிருந்து கேட்டால் மதியம் வருவேன் என்று சொல்.

ஒன்பது மணிக்குப் பள்ளியில் மாதிரி வகுப்பு. "எம்.எஸ்சி. கெமிஸ்ட்ரி படிக்கிறவ சாக்பீஸ் புடிக்கவாடி போற?" என்று நேற்று நீ கேட்டதும் நான் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தது தப்புதான்.

பட்டம் முடித்ததும் ஏரிக்கரைப் பள்ளியில் நான் தேசிய சேவைக்காகப் பாடம் நடத்திய வருடம் ஞாபகம் இருக்கிறதா? என்னைப் பார்க்க வந்தபோது நீ புளிச்சைப் பூவில் காய்ச்சிக் கொண்டுவந்த சிவப்புச் சோபோலோவை வகுப்புக்கு எடுத்துப் போய்விட்டேன். சாம்பல் தண்ணீர் ஊற்றியதும் பச்சையானது. "குடிக்கக் குடுத்தா கொட்டி விளையாடுறியேடி!" என்று வாசலில் நின்று கத்தினாய். எலுமிச்சை பிழிந்ததும் அது மறுபடி சிவந்தபோது முதலில் கைதட்டியதும் நீதான்.

ஜிஃபா

பி.கு.: இப்போதுதான் பிரிட்ஜைத் திறந்தேன். இஞ்சி, சர்க்கரை எதுவும் சேர்க்காமல் ஒரு பாட்டில் சோபோலோ தனியாக நிற்கிறது. அதன் கழுத்தில் ஒரு பொட்டலம். பிரித்தால் கரியடுப்புச் சாம்பல். குடிக்கிறதுக்கு யாரும் சாம்பல் கட்டி வைக்க மாட்டார்கள், அக்கா.