கம்பு முனைத் தோலும் நீங்கள் மறைத்த கடிதமும்

என்னைத் தோளில் தூக்கி வளர்த்த அப்பாவுக்கு,

நீங்கள் போய் நாற்பது நாள் ஆகிவிட்டது. அடக்கத்தன்று எல்லாரும் "தங்கமான மனுஷன்" என்றார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. இப்போது திறக்கிறேன். ஊரும் படிக்கட்டும்.

பீர்மேட்டில் தேயிலைத் தோட்டத் துரைமார் கிளப்பின் பில்லியர்ட்ஸ் மேசையைப் பார்த்துக்கொள்வது உங்கள் வேலை. பந்தை அடிக்கும் கம்புகளைச் சீர்செய்வதிலும் "தாவீது செய்த கம்பு தப்பாது" என்று உங்களுக்குப் பெயர். அதைச் செய்தது நான் என்று நம் வீட்டுக்கு வெளியே யாருக்கும் தெரியாது. உங்கள் கை நடுங்கத் தொடங்கியபோது எனக்குப் பதினாறு வயது. கம்புகளைக் கம்பளியில் சுற்றி, எஸ்டேட் கொடுத்த நம் லயத்து வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள். நுனியில் தேய்ந்த தோலைச் சீவி எடுத்து, அடியைச் சமமாக்கி, புதுத் தோல் வில்லையைப் பசையால் ஒட்டி, நூலால் இறுக்கி ஒரு நாள் முழுக்கக் காயவைப்பேன். பிறகு பிதுங்கிய ஓரத்தை பிளேடால் அரிந்து, ஈரம் தொட்டு, சூடேறும்வரை துணியால் தேய்த்தால் பக்கம் கெட்டிப்படும். தோலின் தலையை உப்புத்தாளால் உருண்டையாகத் தேய்த்து, கடைசியில் லேசாகச் சொரசொரப்பாக்குவேன். வழவழவென்று விட்டால் சாக்பீஸ் பொடி பிடிக்காது, பந்து வழுக்கிவிடும்.

எழுபத்தைந்தாம் வருடம் நர்ஸ் படிப்புக்கு விண்ணப்பம் போட்டேன். எஸ்டேட் ஆபீஸில் தபால் வாங்குவது நீங்கள்தான். "வந்துச்சாப்பா?" என்று தினமும் கேட்டேன். "இல்லம்மா" என்றீர்கள். என் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள்.

ஒருநாள் தோல் வில்லை தீர்ந்துபோய் உங்கள் கோட்டுப் பையில் தேடினேன். நேர்முகத் தேர்வுக்கு அழைத்த கடிதம் இருந்தது. தேதி கழிந்து மூன்று வாரம்.

"எதுக்குப்பா மறைச்சீங்க?"

"ஏட்டி, நீ போயிட்டா கம்ப யாரு செய்வா? வேல போயிரும். லயத்தக் காலி பண்ணச் சொல்லிருவான். தங்கச்சிமார எங்க கொண்டு போவேன்?"

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா?"

தட்டை இழுத்துவைத்துச் சாப்பிட்டீர்கள்.

மறுநாள் காலை, பாதி முடிந்த கம்போடு நானே கிளப்புக்கு வந்தேன். கிளப் செக்ரட்டரி துரை முன்னால், நீங்கள் பார்க்க, தரையில் உட்கார்ந்து தோலைத் தேய்த்து முடித்தேன். "இத்தன நாளும் இவளா?" என்று அவர் சிரித்தார். உங்களை ஃபேக்டரி வாசலுக்குக் காவலாக மாற்றினார். வேலையும் லயமும் பறிபோகவில்லை. நீங்கள் பயந்த எதுவும் நடக்கவில்லை அப்பா. அதுதான் எனக்கு ஆறவில்லை.

அடுத்த வருடமும் விண்ணப்பித்தேன், இடமில்லை என்றார்கள். எஸ்டேட் ஆஸ்பத்திரியில் ஆயா ஆனேன்.

கடைசியில் நீங்களும் அங்கேதான் வந்து படுத்தீர்கள். ஊசி போட வந்த சிஸ்டர் என் வயதுக்காரி. உங்கள் கை ஆடியதில் நரம்பு அகப்படவில்லை. "ஞானம், அப்பா கையக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க" என்றாள். பிடித்தேன். "நல்லாயிரு தாயி" என்று அவளை வாழ்த்தினீர்கள். என் பக்கம் திரும்பவே இல்லையே, ஏன்?

தங்கச்சிகளில் சின்னவள் டீச்சர் ட்ரெய்னிங் சேர்ந்துவிட்டாள். நான்தான் பஸ் ஏற்றிவிட்டேன்.

மாதா கோயில் சாமியார் உங்களை மன்னிக்கச் சொல்கிறார். வாயால் சொல்ல ஒரு நிமிஷம் போதும். ஆனால் செத்தவரிடம் பொய் சொல்ல எனக்கு மனமில்லை. கல்லறையில் புல் வளர விடமாட்டேன், உங்கள் பேரில் கோயிலில் பூசையும் வைப்பேன். அது கடமை. மன்னிப்பு என்றைக்காவது நிஜமாகவே வந்தால், அன்றைக்கே வந்து சத்தமாகச் சொல்வேன். அதுவரை புல்லை மட்டும் பிடுங்கிவிட்டுத் திரும்புவேன். இது சத்தியம்.

உங்கள் மூத்த மகள்,
ஞானம்